ஆத்தா மேல் போடாத பழி

எங்கள் தெருவில் ஒரு வீட்டு வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து சொருகியிருந்தால், அதற்குப் பிறகு யாரும் அந்த வாசலில் நின்று கூப்பிட மாட்டார்கள். குழம்புக்குப் புளி கேட்டுப் போக மாட்டார்கள். தபால்காரர்கூடப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். உள்ளே ஆத்தா வந்திருக்கிறாள் என்று அர்த்தம். அம்மை என்று வாயால் சொல்லுவதும் தப்பு. அந்த வீட்டில் தாளிக்கக் கூடாது, தலை வாரக் கூடாது, துணி வெளுக்கப் போடக் கூடாது. டாக்டரைக் கூப்பிடவே கூடாது. வீட்டுக்கு வந்தவளைப் போலீசை விட்டுத் துரத்துகிற மாதிரி அது.

என் பெரியவளுக்கு மூன்று வயசு நடக்கும்போது எங்கள் வாசலிலும் அந்தக் கொத்து ஏறியது. பத்து வருஷம் கழித்துச் சர்க்கார் எங்களைக் கேட்டதும் அதைப் பற்றித்தான்.

அப்போது நாங்கள் கவரப்பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவில், ரயில் பாதையை ஒட்டிய ஒரு தெருவில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் கும்மிடிப்பூண்டி அரிசி மில்லில் நெல் அவிக்கிற வேலை பார்த்தார். அந்தப் பக்கத்தில் பெரிய பெரிய கம்பெனிகள் வருவதற்கு முன்னால், மில்லும் செங்கல் சூளையும்தான் எங்களுக்குக் கம்பெனி. நான் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். எழுத்துக் கூட்டிப் படிப்பேன். ஆத்தா மேல் பாட்டு சொல்லிக் கொடுத்தால் ஒருமுறை கேட்டே மனசில் வைத்துக்கொள்வேன்.

அம்மை குத்துகிறவர்கள் வந்தது மாசி மாசம். கூடவே ஒரு போலீஸ்காரர், கிராமத்துக் கணக்கெழுதும் கர்ணம், தலையாரி. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சவுக்குத் தோப்புக்குள் ஓடியவர்கள் உண்டு. நான் ஓடவில்லை. என் தாய் வீட்டில் என் தம்பிக்கு நிஜமாகவே ஆத்தா வந்து, இரண்டு கண்ணையும் எடுத்துக்கொண்டு போனதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் ஊசி நல்லதென்றுதான் நினைத்தேன். சின்னச் சக்கரம் போன்ற ஒன்றைப் பிள்ளையின் மேல்கையில் வைத்துத் திருகினார்கள். இரண்டு இடம். அழுதாள். வெல்லம் கொடுத்ததும் அழுகையை நிறுத்தினாள்.

குத்தின இடம் நன்றாகப் பழுத்துப் பொருக்குக் கட்டுகிற சமயம், காய்ச்சல் வந்தது. அடுப்பு மாதிரி உடம்பு. மறுநாள் கண் மேலே சொருகி, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தது. பயந்துபோய்த் தெருக்கோடிக்கு ஓடினேன். அங்கே ஒரு சின்ன அம்மன் கோயில். அதற்குப் பூசை செய்கிறவர் ஒரு பெண். என்னைவிடப் பத்து வயசு மூத்தவர். ஊரே அவரைப் பூசாரியம்மா என்று கூப்பிடும். எனக்கு அக்கா.

அக்கா வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"ஆத்தாதான். ஆடறா பாரு. ஊசி குத்தி அவள வராதேன்னு சொன்னா, நான் வர்றேண்டீன்னு வந்து நிக்கறா."

உடனே வேப்பிலை ஏறியது. என் வீட்டுக்காரர் மில்லிலேயே தங்கிக்கொண்டார். தெருவில் எல்லாக் கதவும் எங்களைப் பார்த்து மரியாதையாக மூடிக்கொண்டது. அக்கா ஒருத்திதான் வந்து போவார். பிள்ளையைத் தொடுவதும், வேப்பிலையால் வருடுவதும், இளநீர் கொடுப்பதும், கடைசியில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவதும் எல்லாம் அவர் கைதான். அந்த நாளில் எங்கள் இரண்டு பேரைத் தவிர வேறு ஒருவரும் என் பிள்ளையைப் பார்க்கவில்லை. அது வழக்கம். வழக்கத்தில் ஒரு குறையும் நாங்கள் வைக்கவில்லை.

மூன்றாம் தண்ணீர் ஊற்றி, பிள்ளை கண் விழித்து என்னைப் பார்த்து "யம்மா, கூழு" என்றபோது அக்காவின் காலில் விழுந்தேன். பிறகு பிள்ளையை இறக்கித் தரையில் நிற்க வைத்தேன். இடது கால் நிற்கவில்லை. ஈரத் துணி மாதிரி மடிந்தது.

"ஆத்தா உயிர உட்டு வெச்சிட்டுப் போனா, அது போதும்" என்றார் அக்கா. "காலு தானா வரும். பெரியபாளையத்துக்கு வேண்டிக்கோ."

வேண்டிக்கொண்டேன். ஆடி மாசம் ஈர உடம்பில் வேப்பிலைச் சேலை கட்டி, அங்கே பவானி அம்மனைச் சுற்றி வந்தேன். அந்த வருஷம், அடுத்த வருஷம், அதற்கடுத்த வருஷம். கால் வளர்ந்தது. பலம் வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கம் இழுத்து இழுத்து நடப்பாள்.

ஒரு வருஷம் சுற்றி முடித்து, மண்டபத்தில் உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் மகள் கேட்டாள்.

"யம்மா, ஆத்தா எதுக்கு எங்காலை எடுத்துக்கினா? நான் இன்னா பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல, கண்ணு."

"ராசாத்தியோட ஆயா சொல்லிச்சு, நீ தீட்டோட கோயிலுக்குப் போனியாம். அதான் ஆத்தா கோச்சிக்கினா. நெஜமா?"

பாதிச் சோற்றில் இலையை மடித்தேன். அடுத்த வருஷத்திலிருந்து பெரியபாளையம் என்றால், "நான் வரல, கால் நோவுது" என்பாள். சாமி விளக்கின் முன்னால் நான் பாடினால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவாள். காலைவிட அதுதான் எனக்குப் பெரிய வலியாக இருந்தது. பிள்ளைக்குக் கால் இல்லாமல் போகலாம், சாமியும் இல்லாமல் போனால் எதைப் பிடித்துக்கொண்டு நடப்பாள்?

மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனது இரும்புப் பட்டை போட்ட பூட்ஸ் வாங்கத்தான். மில்லில் யாரோ சொல்லி அனுப்பினார்கள். அங்கே ஒரு லேடி டாக்டர், சின்ன வயசு, பூட்ஸுக்கு அளவெடுப்பதை விட்டுவிட்டுக் கேள்வி மேல் கேள்வி கேட்டார். எப்போது காய்ச்சல், எப்போது இழுப்பு, அதற்கு எத்தனை நாள் முன்னால் அம்மை குத்தினார்கள். நான் சொல்லச் சொல்ல அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"முத்து போட்டுச்சா?"

அம்மைக் கொப்புளத்தை நாங்கள் முத்து என்போம். அவரும் எங்கள் பக்கத்துக்காரர்தான் போலிருக்கிறது.

நான் யோசித்தேன். அந்த நாட்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். முகத்தில் இல்லை. மார்பில் இல்லை. உள்ளங்காலில் இல்லை.

"இல்லம்மா. குத்தின எடத்துல மட்டும்தான்."

"அப்ப இது அம்மை இல்லம்மா. தடுப்பூசியால மூளையில வர்ற காய்ச்சல். எங்கேயோ ஒருத்தருக்கு வரும். யாருக்கு வரும்னு முன்கூட்டியே சொல்ல முடியாது. நீங்க பண்ண தப்பும் இல்ல, குத்தினவர் பண்ண தப்பும் இல்ல."

ரயிலில் திரும்பி வரும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஆத்தா வரவே இல்லை என்றால், நான் யாருக்கு இளநீர் படைத்தேன்? யாரைப் போய்விடு தாயே என்று கெஞ்சினேன்? ஒன்று மட்டும் மனசில் ஓடியது. வராதவளை வந்தாள் என்று சொல்லி, செய்யாததைச் செய்தாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

என் வீட்டுக்காரருக்கு வேறு மாதிரி ஓடியது.

"போலீஸ இட்டாந்து குத்தினானுங்க இல்ல? அப்ப அவனுங்கதான் பதில் சொல்லணும்."

மில் முதலாளியின் வக்கீல் திருவள்ளூர்க்காரர். வீரராகவப் பெருமாள் கோயில் பக்கத்து வீடு, பளிச்சென்று நாமம். மில்லுக்கு வந்தபோது என் வீட்டுக்காரர் மாடிப்படியில் வழிமறித்துச் சொல்லியிருக்கிறார். அவர் எங்களை வீட்டுக்கு வரச் சொன்னார். பீஸ் பேச்சே எடுக்கவில்லை. மகளைக் கூடத்தில் உட்கார வைத்து, புளியோதரை கொடுத்துவிட்டு, எங்களிடம் பேசினார்.

"நியாயம் உங்க பக்கம் இருக்கும்மா. சட்டம்தான் இல்லை. கட்டாயமா குத்திக்கணும்னு சட்டம் இருக்கு. குத்திக்கலேன்னா தண்டனைன்னும் இருக்கு. குத்தி ஏதாவது ஆச்சுன்னா என்ன செய்யணும்னு ஒரு வரி இல்லை. அஜாக்கிரதையா குத்தினாங்கன்னு நிரூபிச்சா வழக்குப் போடலாம். அவங்க சரியாத்தானே குத்தியிருக்காங்க?"

"சரியாத்தான் குத்துனாங்க சாமி."

"அதுதான் கஷ்டம். தப்பு செஞ்சவன் இல்லாம நஷ்டஈடு கேட்கிறது நம்ம கோர்ட்டுக்குப் புதுசு."

எனக்குச் சட்டம் தெரியாது. தெரிந்ததைச் சொன்னேன். என் தாய் வீட்டுப் பக்கம் தேர் இழுக்கும்போது ஒருவர் சக்கரத்தில் கால் கொடுத்துவிட்டார். யார் தள்ளியது, யார் தப்பு என்று ஒருத்தரும் விசாரிக்கவில்லை. அவர் சாகிற வரைக்கும் ஒவ்வொரு அறுப்பிலும் ஊர்க் களத்திலிருந்து அவருக்கு நெல் போனது. ஊர்த் தேரை இழுக்கும்போது போன கால் அது. ஊரெல்லாம் பிழைக்கத்தானே இந்த ஊசியும் குத்தினார்கள்? எல்லாப் பிள்ளையும் பிழைத்ததில் என் பிள்ளையின் கால் போனதென்றால், அதை எல்லோரும் சேர்ந்துதானே பார்க்க வேண்டும்?

வக்கீலய்யா பேனாவை எடுத்தார். "இதையே எழுதறேன்" என்றார்.

மனு போனது. பல மாசம் கழித்து, ஒரு காலை நேரம் விசாரிக்க ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்தார். நல்ல மனிதர், வேர்த்துப் போயிருந்தார். கர்ணம் வீட்டிலிருந்து இரும்பு நாற்காலி வந்தது. தெருவே கூடிவிட்டது.

"பாப்பாவுக்கு என்ன ஆச்சு? அக்கம்பக்கத்துல யாராவது சொல்லுங்க."

எதிர்வீட்டுக்காரர் கைகட்டிக்கொண்டு சொன்னார். "ஆத்தா வந்திருந்தா சார்."

"வேப்பில கட்டுனாங்க சார். நாங்க அந்தாண்டயே போவல."

"மூணு தண்ணி ஊத்துனாங்க."

"பெரியபாளையத்துல வேப்பஞ்சேல கட்டுனாங்களே, அது பொய்யா?"

பொய்யில்லை. ஒன்றும் பொய்யில்லை. எங்களுக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் ஒவ்வொருவரும் சொன்னார்கள். ஆத்தா வந்து போன வீடு என்றால் பாக்கியம் என்பது தெருவின் கணக்கு. இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டே போனார். எழுதி முடித்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

"ஏம்மா, ஊரே பெரியம்மைன்னு சொல்லுது. நீங்க தடுப்பூசின்னு மனு குடுத்திருக்கீங்க. டாக்டர் யாரும் அப்ப பாக்கல. இதுல நான் என்ன எழுதறது?" குரலைத் தணித்துக்கொண்டார். "ஒண்ணு சொல்றேன் கேளுங்க. நோயால ஊனம்னு எழுதிட்டா, என் சிபாரிசுலயே ஒரு தையல் மெஷினோ ஏதோ வாங்கித் தரலாம். மேல போகவே வேணாம். தடுப்பூசின்னு எழுதினா இது கோட்டைக்குப் போகும். வரும்னு நான் சொல்ல மாட்டேன். கர்ணம் வீட்டுல மோர் குடிச்சிட்டு வர்றேன். யோசிச்சு வையுங்க."

அவர் போனதும் என் வீட்டுக்காரர் என்னைத் தோட்டத்துப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்.

"இந்தாமே, ஒத்துக்கோ. மெஷின் வந்தா, அவளுக்கு ஒரு பொழப்பு ஆச்சு."

"ஒரு காலுதான்யா மிதிக்கும்."

"ஒரு காலால மிதிக்கற மெஷினும் கீது, கையால சுத்தறதும் கீது. நீ பேஜார் பண்ணாத."

"ஆத்தாதான் கால எடுத்தான்னு எழுதி, அதுக்குக் கூலி வாங்கிக்கினு வர்றதா?"

"எழுதினா இன்னா? பத்து வருஷமா நீயே அத்தத்தான சொல்லிக்கினு இருந்த?"

அந்த நேரம் வேலிப்படலைத் தள்ளிக்கொண்டு பூசாரியம்மா வந்தார். ஊசிதான் காரணம் என்று நான் மனு கொடுத்ததிலிருந்து அவர் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. ஆத்தா வந்தாள் என்று தெருவுக்குச் சொன்னவர் அவர். அதை நான் இல்லை என்று சொன்னால் அவர் வாக்கு என்ன ஆவது? திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"இன்னாமே அவ்வளவு யோசன?" என்றார். "ஆத்தா மேல போட்டாத்தான் கெடைக்கும்னா, போடு. அவ தாங்குவா. ஊர் உலகத்துப் பழியெல்லாம் தாங்கறவ, இந்த ஒண்ணைத் தாங்க மாட்டாளா? புள்ளைக்கு வர்றத உடாத."

என் மனசு அப்படியே கரைந்தது. திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன். அவர் சாமியையே என் பிள்ளைக்காகத் தூக்கிக் கொடுக்கிறார்.

"அவ தாங்குவாக்கா" என்றேன். "உள்ள குந்திக்கினு கீறாளே, அவ தாங்கணுமே. ஆத்தா தன் கால ஒடிச்சிட்டான்னு நெனச்சிக்கினு, அந்த மெஷின மிதிக்கறப்போ எல்லாம் நெனச்சிக்கினு, காலத்துக்கும் இருப்பாளே. அது இல்லாத பழிக்கா."

அக்கா உள்ளே எட்டிப் பார்த்தார். மகள் கதவுக்குப் பின்னால் பூட்ஸ் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"அப்ப இன்னாதான் பண்ணப் போற?"

"நான் சொன்னா எடுபடாதுக்கா. என்னை உட்டா, புள்ளைய அப்ப தொட்டது நீ ஒருத்திதான். முத்து இருந்துச்சா இல்லியான்னு உன் கைக்குத்தான் தெரியும். நீ சொன்னா சொல்லு. வாணாம்னா நான் கோச்சிக்க மாட்டேன்."

அவர் படலைத் தள்ளிக்கொண்டு வந்த வழியே போய்விட்டார். என் வீட்டுக்காரர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் திரும்பி வந்தார். நான் முன்னால் போய் நின்றேன். தெருவில் எல்லோர் முகமும் என் மேல். "ஆத்தா வரல சார்" என்று ஆரம்பிப்பதற்குள் கூட்டத்தில், "அடிப்பாவி" என்று ஒரு குரல். "காசுக்கு ஆத்தாளையே இல்லன்றா பாரு" என்று இன்னொன்று.

"யார்றி அவ?" என்று அதட்டிக்கொண்டு அக்கா நடுவில் வந்தார். நெற்றி நிறைய குங்குமம். புதுசாக இட்டுக்கொண்டு வந்திருந்தார். "சார், எழுதிக்கோ. நான்தான் அந்தப் புள்ளைக்கு மூணு தண்ணியும் ஊத்தினவ. தலையிலேர்ந்து கால் வரைக்கும் இந்தக் கையாலதான் வேப்பில தடவினேன். முத்து இல்ல. ஒரு முத்துகூட இல்ல. ஊசி குத்தின எடத்துல மட்டும் பொருக்கு."

"அப்ப எதுக்கும்மா வேப்பிலை கட்டினீங்க?"

"ஜொரம் வந்தா கட்டுவோம் சார். முத்து வரட்டும், வந்ததுக்கப்பறம் கட்டிக்கலாம்னு இருக்க முடியுமா? நீ மழ வந்தப்பறமா கூரை மேயுவ?"

யாரோ சிரித்தார்கள். இன்ஸ்பெக்டரும் சிரித்தார்.

"ஆத்தா வந்தான்னு ஊருக்குச் சொன்னது நீங்கதானாமே?"

அக்காவின் முகம் ஒரு நிமிஷம் வாடியது. "நான்தான் சொன்னேன். ஜொரம் பாத்து சொன்னேன். முத்து வரும்னு காத்துக்கினு இருந்தேன், வரல. வரலன்னு தெருவுக்குத் திருப்பிச் சொல்லல. அவ்வளவுதான். எழுதிக்கோ."

அவர் எழுதினார். தெருக்காரர்கள் சொன்னதையும் எழுதினார், அக்கா சொன்னதையும் எழுதினார். அக்கா கை நாட்டு வைத்தார். தையல் மெஷின் பேச்சு அதோடு போனது. அந்த ஆடிக்குத் தெருக்கோயிலில் கூழ் ஊற்றியபோது இரண்டு மூன்று வீட்டுக்காரர்கள் அக்கா கையால் வாங்க வரவில்லை. "வராங்காட்டி போறாங்க, மிச்சம் நம்ம மாட்டுக்கு" என்றார் அக்கா. ஆனால் அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை என்பது எனக்குத் தெரியும்.

பதில் வருவதற்குள் இன்னொன்று நடந்தது. அம்மையை அடியோடு ஒழிக்கப் போகிறோம் என்று ஆட்கள் வீடு வீடாக வந்தார்கள். முத்து போட்ட ஒரு பிள்ளையின் படத்தைக் காட்டி, இப்படி யாருக்காவது இருக்கிறதா என்று கேட்பார்கள். அப்போது என் கையில் சின்னவன், பிறந்து ஒரு வருஷம் ஆகவில்லை. எதிர்வீட்டம்மா வாசலிலிருந்தே கேட்டார்.

"ஊசி மேல மனு குடுத்தவ, உம்புள்ளைக்குக் குத்துவியா?"

இரண்டு நாள் நான் தூங்கவில்லை. ஒரு பக்கம் மகளின் கால். ஒரு பக்கம் என் தம்பியின் கண். ஆத்தாவிடம் பூ கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது; கேட்கவில்லை. நானே தீர்க்க வேண்டியதை அவள் தலையில் போடக் கூடாது என்று அதற்குள் கற்றுக்கொண்டிருந்தேன். மகள்தான் தம்பியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, குத்துகிறவரிடம் கையை நீட்டிக் காட்டினாள்.

"குத்துங்க சார். ஆனா காய்ச்ச வந்தா நீங்க வந்து பாக்கணும். சொம்மா போய்டக் கூடாது."

அவர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். நான் மனுக் கதையைச் சொன்னேன். அந்த மனிதர், சத்தியமாகச் சொல்கிறேன், பொருக்கு உதிர்கிற வரைக்கும் ஒருநாள் விட்டு ஒருநாள் சைக்கிளில் வந்து பார்த்துவிட்டுப் போனார். சின்னவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஊசி எனக்கு எதிரி இல்லை. குத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவதுதான் எனக்கு ஆகவில்லை.

கடைசியில் திருவள்ளூருக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. என் வீட்டுக்காரர் மில்லில் லீவு கிடைக்காமல் நின்றுவிட்டார். நானும் மகளும் போனோம். சர்க்கார் ஆபீசில் மேஜைக்குப் பின்னால் இருந்த பெரிய அதிகாரி எங்களை உட்காரச் சொன்னார். அதுவே பெரிய விஷயம்.

"டாக்டர்கள்கிட்ட கருத்து கேட்டோம்மா. முத்து இல்லேன்னு சாட்சி இருக்கறதால, தடுப்பூசியால வந்திருக்கலாம்னு ஒத்துக்கறாங்க. ஆனா சட்டப்படி, நல்லெண்ணத்தோட செஞ்ச காரியம். இழப்பீடு கொடுக்க வழி இல்லை. அரசாங்கம் வருத்தம் தெரிவிக்குது."

"மெஷினு ஒண்ணு குடுக்கறேன்னு சொன்னாங்க சார்."

"அது நோயால பாதிக்கப்பட்டவங்களுக்கு. நீங்கதான் நோய் இல்லேன்னு சொல்லிட்டீங்களே."

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. அவருக்கே சங்கடமாக இருந்தது. எழுந்து கும்பிட்டுவிட்டு வந்தேன். படியில் இறங்கும்போது மகளின் பூட்ஸ் ஒவ்வொரு படியிலும் டங் டங் என்று அடித்தது. இரண்டும் போச்சு என்று என் வீட்டுக்காரர் சொல்லப் போவது காதில் கேட்டது. சொல்லவும் செய்தார், அப்புறம்.

செங்குன்றம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. மகள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள்.

"யம்மா, ஊசியாலதான்னு சொல்லிட்டாங்க இல்ல?"

"இருக்கலாம்னு சொன்னாங்க."

"அப்ப ஆத்தா இல்ல."

"இல்ல கண்ணு. உங்கால அவ எடுக்கல, அன்னிக்கும் இல்ல, இன்னிக்கும் இல்ல."

அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. என்னமோ பெரிய மூட்டையை இறக்கி வைத்தவள் மாதிரி தோளைத் தளர்த்தி உட்கார்ந்தாள். எனக்கு அது போதும் என்றுதான் தோன்றியது. பெற்றவள் மனசு அவ்வளவில் சமாதானமாகிவிடுகிறது. அவளுக்குப் போதவில்லை.

"சட்டம் இல்லன்னு சொன்னா, சட்டம் பண்ணச் சொல்லேன்."

"யாராண்ட போய் சொல்றது?"

"அந்த வக்கீல் தாத்தாவாண்ட. எங்காலு போச்சு, சரி. இன்னும் யார் யாருக்குப் போச்சோ? அவங்கம்மாவெல்லாம் ஆத்தாளத் திட்டிக்கினு கீறாங்களோ இன்னாவோ."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த காய்கறிக்காரம்மா திரும்பி அவளைப் பார்த்தார். "யாரு பொண்ணும்மா இது? வக்கீலுக்குப் படிக்குதா?" என்றார்.

"எட்டாவது" என்றாள் மகள்.

அடுத்த வாரம் மறுபடியும் திருவள்ளூர் போய், வக்கீலய்யாவிடம் அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"நமக்குன்னு கேட்டோம், இல்லேன்னுட்டாங்க. இனிமே எல்லாருக்கும்னு கேட்கலாம். கிடைக்கும்னு சொல்ல மாட்டேன்" என்றார். காகிதத்தை எடுத்து எழுதினார். எழுதி முடித்து என்னிடம் நீட்டினார். நான் பேனாவை வாங்கப் போனேன்.

"நீ வேண்டாம்மா. மைனர்தான், சட்டத்துல செல்லாது. இருந்தாலும் அவளே போடட்டும்."

மகள் பூட்ஸ் காலை நகர்த்தி வைத்துக்கொண்டு, மேஜையில் சாய்ந்து, பள்ளிக்கூடத்தில் எழுதுகிற மாதிரி நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.